வங்கி வாசலில் முனியன் கிடா

புவனகிரிக் கிளைக்கு எனக்கு மாற்றல் வந்தபோது, வெள்ளாற்றுப் பாலத்து நெரிசலைப் பற்றி எல்லோரும் எச்சரித்தார்கள். வாசலில் ஒரு கிடா இருக்கிறது என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.

இது 2006 வாக்கில் நடந்தது. நான் வங்கியில் கிளார்க். கணவருக்குக் கடலூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் வேலை. கல்யாணமாகிச் சிதம்பரத்தில், கீழவீதிக்குப் பின்னால் ஒரு மாடி வீட்டில் குடியிருந்தோம். காலையில் அவர் கடலூர் பஸ்ஸைப் பிடிப்பார், நான் புவனகிரி பஸ்ஸைப் பிடிப்பேன்.

வேலையில் சேர்ந்த அன்றே கிடாவைப் பார்த்தேன். வங்கியின் மேல்படியில், கிளையே தன் பெயரில் இருப்பதுபோலப் படுத்திருந்தது. கறுப்பு உடம்பு, நெற்றியில் வெள்ளை, பின்னால் வளைந்த கொம்பு, நீளத் தாடி, கழுத்தில் சாயம் போன மஞ்சள் துணி. வாடை தெருமுனை வரைக்கும் வந்தது. நான் தயங்கி நிற்பதைப் பார்த்து, வாசலில் துப்பாக்கியோடு உட்கார்ந்திருந்த காவலர் எழுந்து வந்தார்.

"பயப்படாம ஏறி வாங்கம்மா. முனியன் கெடா. ஒண்ணும் பண்ணாது."

அப்போது அது உண்மையாகத்தான் இருந்தது.

கிடாவின் கதையை மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவரே சொன்னார். எதிர்ச்சாரியில் இட்லிக் கடை வைத்திருந்த அக்காவின் மகனுக்குச் சின்ன வயதில் மஞ்சள் காமாலை முற்றி, பிழைப்பானா என்றே சந்தேகமாகிவிட்டதாம். மகன் எழுந்து நடந்தால் கிடா வெட்டுகிறேன் என்று அந்த அக்கா முனீஸ்வரனுக்கு வேண்டிக்கொண்டு, ஒரு குட்டியை நேர்ந்துவிட்டார். மகன் எழுந்து நடந்து, ஓடி, திருப்பூருக்கு வேலைக்கே போய்விட்டான். ஆனால் யாருக்கு முதல் மரியாதை என்று இரண்டு தெருக்காரர்களுக்குள் தகராறு வந்து முனியன் திருவிழா நின்றுபோனது. கிடா வளர்ந்துகொண்டே இருந்தது. சாமிக்கு விட்டதை அடிக்கக் கூடாது, விற்கக் கூடாது, கட்டிப்போடவும் கூடாது. அதனால் அது கடைத்தெருவில் இஷ்டம்போல வாழைப்பழமும் பூச்சரமும் தின்று, வெயில் ஏறியதும் எங்கள் படிக்கட்டுக்கு வந்து படுத்துக்கொள்ளும்.

காவலர் பரங்கிப்பேட்டைப் பக்கத்து ஊர்க்காரர். ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று, லைசென்ஸ் வாங்கி, சொந்தத்தில் ஓர் இரட்டைக்குழல் துப்பாக்கி வைத்திருந்தார். அதைக் காட்டித்தான் இந்த வேலை கிடைத்தது. மீசையைப் பார்த்தால் பெரிய போர்வீரர் என்று தோன்றும்.

"சண்டைக்கெல்லாம் போயிருக்கீங்களா அண்ணே?" என்று ஒருமுறை கேட்டேன்.

"நான் லாரி ஸ்டியரிங் புடிச்சவன்மா. சுட்டதெல்லாம் ட்ரெய்னிங்ல அட்டையைத்தான்," என்றார். நான் சிதம்பரத்திலிருந்து கொண்டுபோகும் சம்பா சாதமும் கத்தரிக்காய்க் கொத்சும் அவருக்கு உயிர். ஆளுக்குப் பாதி என்று சாப்பிடுவோம்.

அடுத்த தை மாதத்தில் கிளையைப் புதுப்பித்தார்கள். ஏ.டி.எம். அறை வந்தது, உள்ளே குளிர்சாதனம் வந்தது, வாசலுக்குத் தரை வரைக்கும் கறுப்புக் கண்ணாடிக் கதவு வந்தது. அதற்குப் பிறகுதான் கிடாவின் குணம் மாறியது. படியில் படுத்திருந்த ஆடு திடீரென்று எழுந்து மூக்கைச் சுருக்கி, முன்னங்கால்களைத் தூக்கி நின்று, கதவைத் திறந்து வருகிறவர்களை முட்ட ஆரம்பித்தது. ஓய்வூதியம் வாங்க வந்த ஓர் ஆசிரியர் வேட்டியை விட்டுவிட்டு ஓடினார். நகைக்கடன் வாங்க வந்தவர்கள், ஆடு தூங்கும் நேரம் எது என்று போன் பண்ணிக் கேட்டுவிட்டு வந்தார்கள்.

எங்கள் மேனேஜர் கோயம்புத்தூர்க்காரர். அவர் ஊர் மரியாதை ஆட்டுக்கும் குறையவில்லை. கதவைக் கொஞ்சமாகத் திறந்து, "தள்ளிப் போங்க... அட, போங்கன்னா போங்க. உங்களுக்குத்தானுங்க சொல்றேன்," என்பார். ஆடு அவரை நிமிர்ந்து பார்க்கும். அவர் கதவைச் சாத்திக்கொள்வார்.

தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம், நக்கிக் குடித்தது. அகத்திக்கீரைக் கட்டைத் தெருக்கோடியில் போட்டு ஆசைகாட்டினோம். போய்த் தின்றுவிட்டுத் திரும்பி வந்தது. டீக்கடைக்காரர் தினமும் காவலரைச் சீண்டுவார்.

"இன்னா சார், துப்பாக்கிய எதுக்கு வச்சிருக்க? முதுகு சொறியவா?"

"இது பேங்குக்கு உள்ளது. ஆட்டைச் சுட இல்ல," என்று காவலர் விறைப்பாகச் சொல்வார்.

சித்திரையில் நான் ஐந்து மாதம் முழுகாமல் இருந்தேன். மாங்காய் என்ற நினைப்பே நாக்கில் நீர் ஊறவைக்கும். ஒரு மதியம், எதிரே தள்ளுவண்டியில் உப்பும் மிளகாய்த்தூளும் தூவிய மாங்காய்ப் பத்தை இருப்பதைக் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு, ஆடு தூங்குகிறது என்ற தைரியத்தில் வெளியே வந்தேன். கதவு எனக்குப் பின்னால் தானாகச் சாத்திக்கொண்டது. ஆடு எழுந்தது.

ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் படியை ஒட்டி நெருக்கமாக நிறுத்திய மோட்டார் சைக்கிள்கள். நகர இடமில்லை. அது பின்னங்கால்களில் எழும்பி என் உயரத்துக்கு நின்றது. நான் இரண்டு கைகளாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டேன். கீழே வேப்பமரத்தடியில் நின்ற காவலர், "ஏய்! ஏய்!" என்று கத்திக்கொண்டே ஓடிவருவது தெரிந்தது. அவர் வந்து சேர்வதற்குள் ஆடு என்மேல் இறங்கிவிடும்.

அடுத்து ஒரு வெடிச்சத்தம் கேட்டது. காதுக்குள் கொய்யென்று இரைந்தது. காக்கைகள் மொத்தமும் மேலே கிளம்பின. காவலர் துப்பாக்கியை வானத்துக்கு நீட்டிப் பிடித்தபடி சிலைபோல நின்றார், குழலிலிருந்து புகை வந்தது.

ஆடு முன்னங்கால்களைத் தரையில் வைத்து, அண்ணாந்து வானத்தைப் பார்த்தது. அந்த இடைவெளியில் நான் சுவரோடு ஒட்டி நழுவிப் படியிறங்கிவிட்டேன்.

ஆட்டைத் தவிர மற்ற எல்லோரும் ஓடினார்கள். டீக்கடை ஷட்டர் இறங்கியது. மாங்காய்க்காரர் வண்டியை விட்டுவிட்டுச் சந்துக்குள் போனார். வங்கிக்குள் அபாயச் சங்கு ஊளையிட்டது, வாடிக்கையாளர்கள் பெஞ்சுக்கு அடியில் புகுந்தார்கள். சற்று நேரம் கழித்துக் கதவு ஒரு விரல் அகலத்துக்குத் திறந்தது.

"ஏனுங்க, மொத்தம் எத்தனை பேருங்க?" என்று மேனேஜரின் குரல் கேட்டது.

"ஒரு கெடா சார்," என்றார் காவலர்.

போலீஸ் ஜீப் வந்தபோது ஆடு மறுபடி மேல்படியில் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. கொள்ளைக்காரர்களைப் பிடிக்க லத்தியோடு குதித்த எஸ்.ஐ., விஷயத்தைக் கேட்டுவிட்டு ஆட்டையும் காவலரையும் மாறி மாறிப் பார்த்தார். சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டது எனக்குத் தெரிந்தது.

இட்லிக் கடை அக்கா சர்க்கரை போட்ட தண்ணீரை எனக்கும் காவலருக்கும் கொடுத்தார். கொடுக்கும்போதே அவர் கண்ணில் நீர்.

"மன்னிச்சிடும்மா. வாயில்லா ஜீவன். அதுக்கு நெறமாசமா, பிஞ்சு வயிறான்னு தெரியுமா?"

"வுடுங்கக்கா," என்றேன். காவலர் என்னிடம் மெதுவாக, "லைசென்ஸ் போயிடும்மா. வேலையும் போயிடும்," என்றார். எனக்கு அழுகை வந்தது. என் கணவர் அன்று சாயங்காலம் பதறியடித்து வந்து, காவலரின் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவே இல்லை.

அடுத்த வாரம் வங்கியின் கடலூர் அலுவலகத்திலிருந்து விசாரணை அதிகாரி வந்தார். கஞ்சி போட்டு மடித்த சட்டை, சிரிப்பே இல்லாத முகம். பின்பக்க வழியாக ஜீப் வந்ததால் ஆட்டை அவர் பார்க்கவில்லை. மேனேஜர் அறையில் காவலரை எதிரில் நிற்கவைத்து, "ஜனங்க நடமாடுற தெருவுல, ஒரு ஆட்டுக்காக ஃபயர் பண்ணியிருக்கீங்க. ஒரு குச்சி போதாதா?" என்றார்.

"சாமி ஆடு சார். அடிக்கக் கூடாது."

"சுடலாமா?"

நான் உள்ளே போய், "சார், அன்னைக்கு அவர் சுடலைன்னா நானும் என் புள்ளையும் என்ன ஆயிருப்போம்னு தெரியல சார்," என்றேன். அவர் என் வயிற்றைப் பார்த்துவிட்டு, "உக்காருங்கம்மா. இருந்தாலும் ஆடு ஆடுதானே," என்றார். துப்பாக்கியைத் தொட்டது தவறு என்று முடிவுகட்டிவிட்டது பேச்சிலேயே தெரிந்தது. பைல்களைக் கட்டிக்கொண்டு, இந்தமுறை முன்வாசல் வழியாக வெளியேறினார். மேனேஜர், "சார், சார், கொஞ்சம் பார்த்துங்க," என்று சொல்லி முடிப்பதற்குள் கதவு சாத்திக்கொண்டது.

நாங்கள் கண்ணாடி வழியாகத்தான் பார்த்தோம். கஞ்சிச் சட்டை மூன்று படியையும் சேர்த்து ஒரே தாவலாகத் தாண்டியது. பைல் ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம். எழுந்து பின்பக்கமாக ஓடி வந்து, மண் ஒட்டிய முழங்கையோடு மேனேஜர் அறைக்குள் நுழைந்து மூச்சு வாங்கினார். காவலரைப் பார்த்து அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்:

"ஒரு ரவுண்டுதான் சுட்டீங்களா?"

வாய்மொழி எச்சரிக்கையோடு விஷயம் முடிந்தது. அதிகாரியின் அறிக்கையைப் பார்த்துப் போலீசும் விட்டுவிட்டது. வேலையும் லைசென்ஸும் தப்பின.

ஆனால் அதிகாரி விழுந்த அன்று நான் ஒன்றைக் கவனித்தேன். அவர் ஓடிய பிறகும் ஆடு கோபம் தணியாமல் கதவைப் பார்த்தே மூக்கைச் சுருக்கிக்கொண்டிருந்தது. வெயில் விழும் நேரத்தில் அந்தக் கறுப்புக் கண்ணாடி நிலைக்கண்ணாடி மாதிரி ஆகிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் உள்ளே இருக்கிற நாங்கள் தெரிய மாட்டோம். தாடி வைத்த இன்னொரு கிடாதான் தெரியும். கதவு திறக்கும்போது அந்தக் கிடா அசையும், கிட்டே வரும். இது பதிலுக்கு எழும்பும். குறுக்கே மாட்டுகிறவர்களுக்கு அடி.

காவலரிடம் சொன்னேன். அவர் கதவையும் ஆட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அட கெரகமே! பாவம், இத்தினி நாளா சண்டைக்குக் கூப்புட்டும் எதிராளி வெளிய வரவேயில்லன்னு காத்துகிட்டு இருந்திருக்கு," என்றார்.

கதவின் கீழ்ப்பாதியில் கடன் திட்ட விளம்பரத் தாள்களை ஒட்டினோம். பசையின் ருசிக்காக ஆடு அத்தனையையும் கிழித்துத் தின்றது. பிறகு மேனேஜர் பெயிண்டரைக் கூப்பிட்டுக் கண்ணாடியின் கீழ்ப்பாதிக்கு வெள்ளைப் பெயிண்ட் அடிக்கவைத்தார். அன்றோடு சண்டை நின்றது. மறுநாள் ஆடு கதவை முகர்ந்துபார்த்தது, எதிராளியைக் காணோம் என்று தெரிந்துகொண்டு, நிம்மதியாகப் படுத்தது.

இதற்குள் துப்பாக்கிச் சத்தம் ஊருக்குள் வேறொரு வேலை செய்துவிட்டது. இந்தக் கிடாவை ஒழிக்கவாவது திருவிழா நடத்த வேண்டும் என்று இரண்டு தெருக்காரர்களும் உட்கார்ந்து பேசி, மரியாதையைப் பங்குபோட்டுக்கொண்டார்கள். ஆடியில் நாள் குறித்தார்கள். ஆடு சாதுவான பிறகு இப்படி ஆயிற்றே என்று எங்களுக்கு ஒரு மாதிரி இருந்தது. இட்லிக் கடை அக்கா ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை. வேண்டுதல், மாற்ற முடியாது.

பிள்ளைத்தாச்சி வெட்டைப் பார்க்கக் கூடாது என்று என்னை முனியன் கோயிலிலிருந்து கொஞ்சம் தள்ளி, முதுகைத் திருப்பி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்தார்கள். காவலர் என் பக்கத்தில் நின்று, நடப்பதைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"மாலை போட்டாச்சு... பூசாரி மஞ்சத்தண்ணி தெளிக்கிறாரு."

தண்ணீர் பட்டதும் ஆடு உடம்பைச் சிலிர்த்து உதற வேண்டும். அதுதான் சாமியின் உத்தரவு. உதறாமல் வெட்ட மாட்டார்கள்.

"என்ன ஆச்சு அண்ணே?"

"நிக்குது."

உடுக்கைச் சத்தம் ஏறியது. "இன்னொரு சொம்பு ஊத்துறாங்க... நிக்குது. காதுல ஊத்துறாங்க... மாலையத் திங்குதும்மா!"

குடத்தோடு கவிழ்த்துப் பார்த்தார்களாம். தலையிலிருந்து தண்ணீர் ஒழுக ஒழுக ஆடு சாமந்தியை மென்றுகொண்டு நின்றதாம். கடைசியில் பூசாரி உடுக்கையைக் கீழே வைத்துவிட்டு, "முனியனுக்கு இது வேணாமாம். உசுரோடயே வச்சிக்கச் சொல்றாரு," என்று சொன்னது என் காதிலேயே விழுந்தது. இட்லிக் கடை அக்கா கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து, ஈரத்தோடு ஆட்டைக் கட்டிக்கொண்டு விம்மினார். நான் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு நன்றாகப் பார்த்தேன். பொங்கலும் சேவல் குழம்புமாகச் சாப்பாடு நடந்தது. மேனேஜர் இரண்டாம் முறை கேட்டு வாங்கினார்.

ஆவணியில் எனக்குப் பெண் பிறந்தாள். விடுப்பு முடிந்து கடலூருக்கே மாற்றல் கிடைத்தது. சில வருடம் கழித்து, சிப்காட் பக்கம் ஒரு கம்பெனி கேட்டில் அந்தக் காவலரைப் பார்த்தேன். மீசை நரைத்திருந்தது. துப்பாக்கியை ஒப்படைத்து லைசென்ஸை முடித்துக்கொண்டுவிட்டாராம். கையில் மூங்கில் கம்பு இருந்தது.

"இப்ப இதுதாம்மா. ராத்திரி நல்லாத் தூக்கம் வருது," என்றார். பிறகு குனிந்து என் மகளின் கன்னத்தைத் தட்டி, "என்னா பாப்பா, கொத்சு கொண்டாந்தியா?" என்று கேட்டார்.