நைட் ஷிஃப்ட் முடிந்து வருகிறவனுக்குக் காலையில் என்ன போடுவது?

ஜெர்மனியில் நான் குடியிருக்கும் கட்டடத்தில் விடிகிற நேரத்தில் மீன் குழம்பு கொதிக்கக் கூடாது. சட்டம் ஒன்றும் கிடையாது, ஆனாலும் கூடாது. நான் முதியோர் இல்லம் ஒன்றில் செவிலியாக இருக்கிறேன், பெரும்பாலும் இரவு வேலை. ராத்திரி முழுக்கப் பெரியவர்களைப் புரட்டிப் படுக்க வைத்து, துணி மாற்றி, மாத்திரை கொடுத்து, இடுப்பு விட்டுப்போய் வீடு திரும்பினால் எனக்குச் சோறு வேண்டும். ஆவி பறக்கிற சோறும் குழம்பும் வேண்டும். ரொட்டியில் வெண்ணெய் தடவி, வெள்ளரிக்காய் வில்லை அடுக்கி, அதைக் கடித்துவிட்டுப் படுக்க என்னால் ஆகாது. ஒரு நாள் கீழ்வீட்டு அம்மா ஃபிரௌ கிரௌஸ் கதவைத் தட்டினார். "இப்போதே மதியச் சாப்பாடா?" என்று கேட்டார். "இல்லை, இது என் ராத்திரிச் சாப்பாடு" என்றேன். அவர் தலையை மெல்ல ஆட்டி, "இன்ட்ரஸ்ஸான்ட்" என்றார். சுவாரசியம் என்று சொல்கிறாரே, பாவம், ஆசைப்படுகிறார் போலிருக்கிறது என்று நினைத்து மறுநாள் ஒரு கிண்ணம் குழம்பு கொண்டுபோய்க் கொடுத்தேன். சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார். அடுத்த வாரம் மாடிப்படிப் பலகையில் ஒரு தாள் தொங்கியது. சமைக்கும்போது ஜன்னலைத் திறந்து வையுங்கள், மற்றவர்களையும் எண்ணிப் பாருங்கள் என்று. பெயர் போடவில்லை. அந்தக் கட்டடத்தில் விடியலில் குழம்பு கூட்டுகிற ஆள் நான் ஒருத்திதான்.

அந்த அம்மாவுக்கு நான் எப்படிப் புரியவைப்பேன்? நெய்வேலியில் வளர்ந்தவர்களுக்குக் காலை, மதியம், ராத்திரி என்பதெல்லாம் சூரியனைப் பார்த்து வருவதில்லை, ஷிஃப்டைப் பார்த்து வருகிறது. என் அப்பா நிலக்கரி மைன்ஸில் கான்ட்ராக்ட் ஆள். கடைசிவரை பெர்மனென்ட் ஆகவில்லை. முத்தாண்டிக்குப்பம் போகிற சாலையோரம் எங்கள் வீடு. நைட் ஷிஃப்ட் முடித்து சைக்கிளில் கரித்தூளோடு வந்து இறங்குவார். அம்மா அதற்குள் உலை வைத்துச் சோறு வடித்திருப்பாள். அது அப்பாவின் ராச் சாப்பாடு. நாங்கள் பள்ளிக்கூடம் போகிற அவசரத்தில் அவரோடு உட்கார்ந்து அதையே தின்போம், அதனால் அதுவே எங்கள் காலைச் சாப்பாடு. காலையில் என்ன சாப்பிட்டாய் என்று டவுன்ஷிப் பள்ளிக்கூடத்து டீச்சர் கேட்டபோது, "மீன் கொழம்பு சோறு டீச்சர்" என்று எழுந்து நின்று சொன்னேன். பிரட், ஜாம் தின்றுவிட்டு வந்த குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் பெஞ்சைத் தட்டிச் சிரித்தார்கள். நான் உட்காரவில்லை. என்ன குழம்பு, என்ன மீன், எத்தனை துண்டு என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

இப்படிப்பட்டவள் போன கோடை விடுப்பில் ஊருக்கு வந்தேன். அம்மாவும் அப்பாவும் இல்லை. என் தம்பி ஏழுமலை இருக்கிறான். அப்பாவுக்குக் கிடைக்காதது அவனுக்குக் கிடைத்தது. பெர்மனென்ட் ஆகி, டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ் வாங்கி, வேப்பமரமும் பலாமரமும் நிற்கிற வீட்டில் மனைவி வளர்மதியோடு இருக்கிறான். மைன்ஸில் மண்ணையும் கரியையும் வெட்டுகிற பெரிய மிஷினில் ஆபரேட்டர். அப்பா அந்த மிஷினின் நிழலில் மண் அள்ளியவர். மகன் அதன் மேலே ஏறி உட்கார்ந்து ஓட்டுகிறான். ஏழுமலைக்கு அந்த மிஷின்தான் உயிர். அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அவன் கண்ணே வேறு மாதிரி ஆகிவிடும்.

நான் வந்த மறுநாள் காலை, நைட் ஷிஃப்ட் முடித்துக் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கினான். முகம் கழுவிவிட்டுக் கூடத்தில் உட்கார்ந்தான். வளர்மதி தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். முருங்கைக்கீரை போட்ட கேழ்வரகு அடை ஒன்று, முளைகட்டிய பயறு ஒரு கை, அவித்த முட்டை ஒன்று, ஒரு டம்ளர் மோர். அவ்வளவுதான். அடையைப் பிட்டபோது தட்டின் விளிம்பில் என் பெயர் தெரிந்தது. சின்ன வயதில் எனக்காக வாங்கி, பாத்திரக் கடையில் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டிக் கொடுத்த தட்டு. எனக்குச் சுருக்கென்றது. தட்டுக்காக இல்லை, அதில் கிடந்ததுக்காக.

"என்னாடி வளர்மதி, ராத்திரி பூரா மிஷின்ல நின்னுட்டு வர்றான், அவனுக்கு இதான் சாப்பாடா?" என்றேன்.

"அவருக்கு இது போதுங்க அண்ணி," என்றாள் அவள், என் முகத்தைப் பார்க்காமல்.

"போதும்னு யாரு சொன்னா? ஆஸ்பத்திரி வார்டுல போடற சாப்பாடு மாதிரி இருக்கு. அந்தாண்ட இருந்து நான் எடுத்தாந்த ரொட்டியே இதுக்குத் தேவல."

ஏழுமலை தலை நிமிரவில்லை. "வுடுக்கா, பழகிப்போச்சு" என்றான். எனக்கு அவன் குரலே பிடிக்கவில்லை. பசியோடு இருக்கிறவன் குரல் அது என்று நான் முடிவு கட்டிவிட்டேன்.

வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு நோய் உண்டு. விட்டுப்போன இடத்தில் வைத்த பொருள் வைத்தபடியே இருக்க வேண்டும். இல்லையென்றால் யாரோ கெடுத்துவிட்டார்கள். கெடுத்தவள் யார் என்று எனக்குச் சந்தேகமே வரவில்லை. புருஷன் உழைக்கிறான், இவள் அடுப்படியில் சோம்பல் படுகிறாள், அதற்கு ஆரோக்கியம் என்று ஒரு பெயர். மாலையில் பஸ் ஏறி வடலூர் போனேன். கடலூர் மீனைக் கூடையில் வைத்து விற்கிற அம்மாவிடம் நல்ல சங்கராவாகப் பார்த்து வாங்கினேன். அன்று மாலையே புளியும் மிளகாயும் தூக்கலாக வைத்துக் குழம்பைக் கூட்டிவிட்டேன். ராத்திரி கிடந்தால்தான் மீனில் குழம்பு இறங்கும். வளர்மதி அடுப்பங்கரை வாசலில் நின்று பார்த்தாள். "அண்ணி, அவருக்கு வைக்காதீங்க" என்றாள். "என் தம்பிக்கு நான் வைக்கக் கூடாதா?" என்றேன். அவள் வாசலை விட்டு நகர்ந்துபோனாள். நானும் ஜெயித்துவிட்டதாகவே நினைத்தேன்.

மறுநாள் காலை அவளுக்கு முன்னால் எழுந்து சோறு வடித்தேன். ஏழுமலை வாசலிலேயே மூக்கை உறிஞ்சினான். "அக்கா, அம்மா வாசனை அடிக்குதுக்கா" என்றான். அந்த ஒரு சொல்லுக்கு நான் இன்னும் இருபது மீன் வாங்கியிருப்பேன். தட்டு நிறையச் சோறு போட்டேன். தின்றான். மறுசோறு கேட்டான், போட்டேன். வளர்மதி அடையைச் சுட்டு மூடி வைத்திருந்தாள். அதை எடுத்து அவளே தின்றாள். அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும். அந்த மூன்று காலையும் அந்த வீட்டில் இரண்டு பொம்பளைகள் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. பாத்திரங்கள்தான் டமார் டமார் என்று பேசின.

மூன்றாம் நாள் மத்தியானம் ஏழுமலை எழவில்லை. தினமும் அவனை எழுப்பிவிடுகிற செகண்ட் ஷிஃப்ட் பஸ் சத்தம் கேட்டும் கண்ணைத் திறக்கவில்லை. வளர்மதி போய்த் தோளைப் பிடித்து உலுக்கினாள். எழுந்தவன் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான், கொல்லைப்புறம் போய் வாந்தி எடுத்தான், திரும்பி வந்து செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தான். வளர்மதி அலமாரியிலிருந்து ஒரு சின்ன மிஷினை எடுத்து அவன் விரலைக் குத்தினாள். வேலைக்காகத் தினமும் பெரியவர்கள் விரலைக் குத்துகிறவள் நான். திரையில் வந்த எண்ணை நம்பாமல், அவள் கையிலிருந்து வாங்கி மறுபடி பார்த்தேன். அந்த மிஷின் அந்த வீட்டு அலமாரியில் இருப்பதே எனக்குத் தெரியாது.

"இது எப்பலேர்ந்து?" என்றேன்.

அப்போதுதான் வளர்மதி வாயைத் திறந்தாள். திறந்தவள் மூடவில்லை.

"எப்பலேர்ந்தா? பொங்கலுக்கு முன்னாடி மிஷின் படியில மயக்கம் போட்டு வுழுந்தாரு அண்ணி. கூட இருந்தவரு சட்டையைப் புடிச்சு இழுக்கலன்னா இன்னிக்கு நீங்க மீன் கொழம்பு வைக்க ஆளு இருந்திருக்காது. சுகர்னு சொன்னாங்க. ஆஸ்பத்திரில சாப்பாடு சொல்லிக்குடுக்கிற மேடம்கிட்ட ஒக்காந்து நைட் ஷிஃப்ட் ஆளுக்கு என்னா போடணும்னு கேட்டுக்கினு வந்தேன். ஓட்ஸ் போட்டேன், துப்பினாரு. இட்லி போட்டேன், ஏறிச்சு. ஒவ்வொண்ணா போட்டுப் பாத்து, குத்திக் குத்திப் பாத்து, இந்த அடைலதான் வவுறும் நெறைஞ்சு சுகரும் நின்னுச்சு. வர்ற வாரம் கம்பெனில மெடிக்கல் செக்கப். அதுல ஏறிக் கெடந்தா மிஷின்லேர்ந்து எறக்கி எங்கனா ஆபீஸ்ல ஒக்கார வச்சுடுவாங்க. அவரு ஒக்காருவாரா? செத்துப்புடுவாரு. மூணு நாளுல எல்லாத்தையும் கவுத்துட்டீங்களே!"

"எங்கிட்ட ஏன் சொல்லல? நான் நர்ஸுடி! வாரா வாரம் போன்ல பேசறேனே!"

"சொல்லி? நீங்க அங்க ஒக்காந்துக்கினு அழுவீங்க. அழுவுற போன யாரு எடுக்கறது?" என்றாள்.

நான் ஏழுமலையைப் பார்த்தேன். அவன் கட்டிலில் உட்கார்ந்து தரையைப் பார்த்தான். "எல்லாம் நல்லாருக்குன்னு சொல்றது ஈஸிக்கா" என்றான். பொங்கலன்று வீடியோவில் எனக்குப் பானையைக் காட்டினான். பொங்கிவிட்டதா என்று கேட்டேன், பொங்கிவிட்டது என்று சிரித்தான். அதற்குச் சில நாள் முன்புதான் படியில் மயங்கி விழுந்திருக்கிறான். எனக்கு அவன் கன்னத்தில் ஒன்று போட வேண்டும் என்றுதான் வந்தது. இருவர் மேலும் ஆத்திரம். தப்பு என்னுடையது என்று அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவில்லை. சொல்லாமல் விட்டது அவர்கள்தானே? இப்போதும் பாதி அப்படித்தான் நினைக்கிறேன். சொல்லியும் கேட்காதவள் நான் என்று மறுபாதி உறுத்துகிறது.

அன்று முதல் அடுப்பங்கரை எனக்கு மூடப்பட்டது. கதவில்லாத அடுப்பங்கரைதான். ஆனாலும் நான் உள்ளே போனால் வளர்மதி வெளியே வந்துவிடுவாள். அடை மாவை நான் பிசைகிறேன் என்றேன். "வேணாங்க அண்ணி" என்றாள். கீரையாவது ஆய்கிறேன் என்றேன். "ஆஞ்சாச்சு" என்றாள். முறத்தில் கீரை ஆயாமல் கிடந்தது எனக்கும் தெரியும், எனக்குத் தெரிகிறது என்று அவளுக்கும் தெரியும். ஏழுமலை அவள் போட்டதைத் தின்றான், அவள் சொன்ன நேரத்தில் தூங்கினான், அவள் குத்தியபோது விரலை நீட்டினான். மெடிக்கலுக்குப் போன அன்று இருவரும் வாசற்படியில் ஒன்றாக இறங்கினார்கள். நானும் வரட்டுமா என்று கேட்டேன். "வூட்டப் பாத்துக்குங்க" என்றாள் வளர்மதி. பூட்டிவிட்டுப் போகக்கூடிய வீட்டில் நான் உட்கார்ந்திருந்தேன். சாமி படத்தின் முன் நின்று, அவனை மிஷினிலிருந்து இறக்கிவிடாதே என்று வாய்விட்டே கேட்டேன்.

மத்தியானம் திரும்பி வந்தார்கள். கேட்டைத் திறக்கும்போதே ஏழுமலையின் நடையில் தெரிந்தது. "மிஷின்லயே இருக்கலாமாம்க்கா. மறுபடி மழை காலத்துல வந்து காட்டணும்" என்றான். அதற்குள் ஏறியதை எல்லாம் அவள் அடை போட்டே இறக்கிவிட்டிருந்தாள். வளர்மதியின் கையைப் பிடித்தேன். அவள் இழுத்துக்கொள்ளவில்லை. திருப்பிப் பிடிக்கவும் இல்லை.

நான் கிளம்பும் நாள் வந்தது. ஏழுமலை நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து உட்கார்ந்தான். வளர்மதி அவன் முன்னால் என் பெயர் வெட்டிய தட்டை வைத்தாள். அடை, பயறு, முட்டை, மோர். பக்கத்தில் எனக்கு ஒரு தட்டு வைத்தாள். பளபளவென்று புதுத் தட்டு, அடியில் கடைச் சீட்டுக்கூட உரியவில்லை. அதில் ஆவி பறக்கிற சோறு, சங்கரா மீன் குழம்பு, வறுவல், அப்பளம். ராத்திரி நான் படுத்த பிறகு அவளே குழம்பு கூட்டி, காலையில் எனக்கு முன்னால் எழுந்து சோறு வடித்திருக்கிறாள். குழம்பு ராத்திரி கிடந்த குழம்பு, என் பக்குவத்திலேயே புளியும் மிளகாயும் தூக்கல். எப்போது என் கையைப் பார்த்துக் கற்றுக்கொண்டாளோ தெரியவில்லை. பஸ் நிலையத்துக்குப் போக ஆட்டோ சொல்லியிருந்தது.

"எனக்கும் அடையே வையி வளர்மதி," என்றேன். "நானும் நைட் ஷிஃப்ட் பாக்கறவதான்."

"அது எங்க வூட்டுச் சாப்பாடுங்க அண்ணி," என்றாள். குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். "ஊருக்குப் போறவங்களுக்கு அத வைக்க முடியுமா? நீங்க சோறு சாப்புடுங்க."

ஏழுமலை என் தட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அடையைப் பிட்டு, நன்றாக மென்று, பொறுமையாகத் தின்றுகொண்டிருந்தான். அங்கே இந்தச் சோற்றுக்காகத்தான் என்னை வெளியாள் என்கிறார்கள். இங்கேயும் அதே சோறு. நான் குனிந்து தின்றேன். ருசியாக இருந்தது, அதுதான் தாங்கவில்லை. ஒரு பருக்கை விடாமல் தின்றுவிட்டுத் தட்டைக் கழுவப் போனேன். வளர்மதி வாங்கிக்கொண்டாள். இரண்டு தட்டையும் கழுவினாள். என் பெயர் வெட்டிய தட்டை நாளைக் காலைக்காக அடுப்புக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்தாள். நான் தின்ற தட்டைத் துணியால் ஈரம் போகத் துடைத்து, பழையபடி அதன் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, முக்காலியில் ஏறி, விருந்தாளிகளுக்கென்று வைத்திருக்கும் மேல் பலகையில் சொருகினாள். வாசலில் ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார்.