மாப்பிள்ளை இல்லாத குடும்பம்

கடல் ஏறி வீடுகளை அள்ளிப்போன அடுத்த வருடம், சாய்ந்தமருது வீடமைப்புக் குழுவின் முன்னால் உம்மா நின்றதை றுக்ஸானா மறக்கவேயில்லை. வாப்பா தலாக் சொல்லிவிட்டுப் போய்க் கனகாலம் ஆகியிருந்தது. பாதிக்கப்பட்ட ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு வீடு என்றது ஒழுங்குவிதி. குடும்பம் என்றால் யார் என்று அதில் எங்கும் இல்லை. குழுச் செயலாளர் அச்சிமுகம்மது சேர் அகராதியை விரித்து எல்லாருக்கும் கேட்க வாசித்தார்.

"குடும்பம்: கணவன், மனைவி, பிள்ளைகள். ஒன்ட மாப்புள்ள எங்க, ஸகியா?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். வீடு கிடைக்கவில்லை. அதன் பிறகு தாயும் மகளும் சாச்சி வீட்டுக் குசினியில், அடுப்போரத்தில்தான் பாய் விரித்தார்கள். றுக்ஸானா சட்டம் படிக்கப் போனது நீதிக்காக அல்ல, அந்த மனிசனுக்காக.

அவள் கல்முனையில் சட்டத்தரணியானபின் அவரே தேடி வந்தார். மகள் ஹுஸ்னியாவை மாப்பிள்ளை விட்டுவிட்டுப் போய்விட்டான், கையில் ஒரு பிள்ளை. திட்டத்தில் கிடைத்த தன் வீட்டை அவள் பேருக்கு மாற்றப் போனால், வீட்டை ஒரு குடும்பத்துக்குத்தான் மாற்றலாம், நீங்கள் வாசித்தபடிதான் நாங்களும் வாசிக்கிறோம் என்று வீடமைப்புக் கந்தோரில் மறுத்துவிட்டார்களாம்.

"நான் ஸகியாட மகள், சேர்," என்றாள்.

அவர் எழும்பப் பார்த்தார்.

"இரிங்க. இந்த வழக்க நான்தான் கதைப்பன். ஆனா நீங்க கூண்டில ஏறணும்."

மகளுக்காக ஏறினார். அதே அகராதியை றுக்ஸானா நீட்டினாள்.

"குடும்பத்துக்கு ரெண்டாவது பொருள வாசிங்க."

"ஒரே வீட்டில் கூடி வாழும் உறவினர்."

"ஒழுங்குவிதியில அடுத்த பிரிவு?"

"குடும்பத்தின் தலைவர் அல்லது தலைவி ஒப்பமிட வேண்டும்."

"மாப்பிள்ளை இருந்தாத்தான் குடும்பம் எண்டா, தலைவி எங்கால வந்த?"

அவர் அகராதியை மூடினார்.

"அண்டைக்கு இதெல்லாம் கண்ணில படல்லயா?"

எதிர்த்தரப்புச் சட்டத்தரணி ஆட்சேபித்தார். கந்தோர் அந்தப் பழைய வாசிப்பைத்தானே பிடித்துக்கொண்டு நிற்கிறது, சாட்சி பதில் சொல்லட்டும் என்றார் நீதிபதி.

"பட்டது."

"பட்டும் ஏன் வாசிக்கல்ல?"

"ஸகியாக்கு வரவேண்டிய அந்த வீடு என்ட மச்சானுக்குத் தேவப்பட்டது."

"கேக்கல்ல சேர். பலமாச் சொல்லுங்க."

அவர் திரும்பச் சொன்னார். பின்வரிசை வாங்கில் ஹுஸ்னியா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். றுக்ஸானா அதைக் கண்டாள், கண்டும் நிறுத்தவில்லை. இன்னொரு முறை சொல்ல வைத்தாள்.

அகராதி பொருள்களைக் காட்டும், தெரிவு செய்யாது. பக்கத்துச் சொற்களையும் சட்டத்தின் நோக்கத்தையும் சேர்த்தே வாசிக்க வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. ஹுஸ்னியாவுக்கு வீடு கிடைத்தது. நீதிமன்ற வாசலில் ஸலாம் சொல்லி வந்த கிழவருக்கு றுக்ஸானா முகம் கொடுக்கவில்லை. தீர்ப்பின் பிரதியை எடுத்துக்கொண்டு, அன்றைக்கே அந்த மச்சானுக்கு எதிராக உம்மாவின் வழக்கைப் பதிந்தாள்.

வீட்டில் ஸகியா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்தப் புள்ள அழுதாளா?" என்றாள்.

"ஓம் உம்மா."

"அவள் என்ன செய்த நமக்கு?"

றுக்ஸானா கையைக் கழுவிவிட்டு வந்து சோறு கேட்டாள். நல்ல பசி.