வெண்டெலின் செர்ரி மரத்துக்குப் பிடித்த சாபம்

திஸா ஆற்றங்கரையில் வெண்டெலைப் போலச் சுத்தம் பார்க்கிற ஆள் இனிமேல்தான் பிறந்து வர வேண்டும். ஆயுள் முழுக்க ரயில்வே கேட்டைப் போட்டுத் திறந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் இன்னொரு ஆள் வந்தால் செருப்பு இடம் மாறிவிடும் என்று பயந்து கல்யாணமே பண்ணிக்கொள்ளவில்லை. அவருக்கு இந்த உலகத்தில் இரண்டே சொத்து. ஒன்று, கண்ணாடி மாதிரி துடைத்து வைத்த வெள்ளை லாடா கார். மற்றது, வாசலில் நின்ற கெர்மெர்ஸ்டோர்பி ரகச் செர்ரி மரம். பழம் கறுப்பாகச் சிவந்து, கன்னத்தில் அடக்கினால் கன்னம் வீங்கும் அளவுக்குப் பெரிதாக இருக்கும். கொல்லைப்புறத்தில் ஒரு புளிப்புச் செர்ரியும் இருந்தது. அது யாரையும் எதையும் கேட்காமல் தானாகக் காய்த்துத் தள்ளியதால் அதை யாரும் மதிக்கவில்லை.

வினை பக்கத்து வீட்டிலிருந்து வந்தது. பள்ளிக்கூடத்தில் சமைத்து ஓய்வு பெற்ற எதெல்காவின் தோட்டத்தில் ஒரு மஞ்சள் செர்ரி நின்றது. சுண்டைக்காய் அளவு பழம். அதன் கிளை வேலியைத் தாண்டி நேராக லாடாவின் தலைக்கு மேல் நீண்டிருந்தது. பழம் விழும், பழத்துக்கு வந்த குருவியும் தன் பங்குக்கு எச்சம் போடும். வெண்டெல் வாளியும் துணியுமாக அலைந்தார். கடைசியில் ஒருநாள் ரம்பத்தோடு போய் அவள் கதவைத் தட்டினார்.

"கிளையை மட்டும் வெட்டினா மறுபடி வளரும், எதெல்கா. மரத்தையே எடுத்துடுறேனே?"

தினமும் இந்தப் புலம்பலைக் கேட்டு அவளுக்குக் காது புளித்திருந்தது. "வெட்டித் தொலை. ஆனா ஒண்ணு சொல்லிட்டேன். இந்த மரம் போச்சுன்னா உன் மரம் காய்க்காது."

வயிறெரிந்து விட்ட சாபம் பலித்துவிடும் என்று வெண்டெலுக்குத் தெரியும். ஆனாலும் காரின் கூரையில் அன்றைய குருவி எழுதியிருந்ததைப் பார்த்தார். மரத்தை இடுப்பு உயரத்தில் அறுத்துத் தள்ளிவிட்டு, அவள் முகத்தில் விழிக்காமல் இருக்க ஆள் உயரத்துக்குப் பலகை வேலியும் அடித்தார்.

அடுத்த வசந்தத்தில் அவர் மரம் பால் கொட்டியது போலப் பூத்தது. தேனீக்கள் மொய்த்தன. பிறகு பூவும் பிஞ்சும் ஒன்று விடாமல் உதிர்ந்து, காம்புகள் மட்டும் மிஞ்சின. வெண்டெல் சாபத்துக்கு வைத்தியம் பார்க்கத் தொடங்கினார். பாதிரியாரைக் கூப்பிட்டுத் தீர்த்தம் தெளிக்கச் சொன்னார். கிளைகளில் பூண்டு மாலை போட்டார். மரத்தடியில் நின்று பழைய ரயில் விசிலை ஊதினார். தேனீக்கள் அரண்டு ஓடியதுதான் மிச்சம்.

கோயில் திருவிழாவில் தெருக்காரர்கள் ஆளுக்கொரு தட்டு செர்ரி வைப்பது வழக்கம். காலித் தட்டோடு நிற்க மானம் இடம் கொடுக்காமல், வெண்டெல் புளிப்புச் செர்ரியை இரவெல்லாம் சர்க்கரைப் பாகில் ஊறப்போட்டுக் கொண்டுபோய் வைத்தார். முதல் பழத்தை வாயில் போட்ட பாதிரியாருக்கு ஒரு கண் மூடிக்கொண்டது. மதியம் வரை அது திறக்கவில்லை. மறு வருடமும் காய்ப்பில்லை. தெரு அவர் தட்டுக்கு இடமே ஒதுக்கவில்லை. இந்த அவமானம் அவரை உலுக்கிவிட்டது. அவர் உண்மையிலேயே அழுதார்.

தபால்காரர் கெல்லெர்ட்தான் யோசனை சொன்னார். "பெரிய வெள்ளியன்னைக்குக் கோடாலியோட மரத்தை மிரட்டு. நீ 'வெட்டவா?'ன்னு கேக்கணும். இன்னொருத்தர் 'வேணாம், விடு, காய்க்கும்'னு கெஞ்சணும். மரம் பயந்து காய்ச்சுடும்."

மிரட்ட ஆள் இருந்தது, கெஞ்ச ஆள் இல்லை. சாபம் கொடுத்தவள் வாயாலேயே கெஞ்சினால்தான் சாபம் இறங்கும் என்று வெண்டெலுக்குத் தோன்றியது. பெரிய வெள்ளியன்று வெட்கத்தை விட்டு மறுபடி அவள் கதவைத் தட்டினார். எதெல்கா கைகளைத் துடைத்துக்கொண்டு வந்தாள். தெருவே வாசல் வேலியோரம் கூடியது.

மரம் அப்போதும் வெள்ளையாகப் பூத்து நின்றது. வெண்டெல் கோடாலியை ஓங்கினார். "காய்க்காத இந்த மரத்தை வெட்டவா?"

"வெட்டு," என்றாள் எதெல்கா.

கூட்டம் வாயைப் பிளந்தது. வெண்டெல் ஓங்கிய கோடாலியைப் பாதியில் நிறுத்தினார். "எதெல்கா, அப்படிச் சொல்லக்கூடாது. விடுன்னு சொல்லணும்."

"என் மரத்தை அறுத்தப்போ யாருய்யா விடுன்னு சொன்னா?"

வெண்டெல் கோடாலியைக் கீழே போட்டார். மரத்தைச் சுற்றி ஓடி மறுபக்கம் நின்று, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "வேணாம், விடு, காய்க்கும்!" என்று கெஞ்சினார். உடனே இந்தப் பக்கம் ஓடி வந்து தொப்பியை மாட்டி, கோடாலியை எடுத்து, "வெட்டவா?" என்று உறுமினார். மறுபடி அந்தப் பக்கம் ஓடினார். மூச்சு வாங்க, கடைசியில் தொப்பியோடு சேர்த்து மரத்தைக் கட்டிக்கொண்டு, "தப்பு பண்ணிட்டேன், எதெல்கா," என்றார்.

எதெல்கா வேலிக்கம்பைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "சாபமும் இல்ல, மண்ணும் இல்ல. இந்த ரகம் தன் மகரந்தத்தைத் தானே ஏத்துக்காது. வேற ரகத்து மகரந்தம் வேணும், உன் புளிப்பு மரம் அதுக்கு உதவாது. என் மரம் பக்கத்துல நின்னுச்சு, காய்ச்சுது. அன்னைக்கே சொன்னேனே!"

"நீ சாபம் விட்டேன்னு நெனச்சேன்."

"சாபம் விட்டிருந்தா காரைத்தான் சபிச்சிருப்பேன். போய் ஒரு வாளியில தண்ணி கொண்டா."

பலகை வேலிக்குப் பின்னால் அறுத்த மரம் துளிர்த்து ஆள் உயரம் வளர்ந்து, அந்த வருடம்தான் முதல் முறையாகப் பூத்திருந்தது. எதெல்கா கொஞ்சம் பூங்கொம்புகளை ஒடித்து வாளியில் வைத்தாள். கார் துடைக்கும் அதே வாளி. வெண்டெல் அதைத் தன் மரத்தில் கட்டித் தொங்கவிட்டார். தேனீக்கள் வந்தன.

ஜூனில் மரத்தின் ஒரு பக்கம் மட்டும் காய்த்துத் தொங்கியது. திருவிழாவுக்கு வைத்தது போக மீதியை ஒரு தட்டில் வெண்டெல் எதெல்காவிடம் கொடுத்தார். பிறகு பலகை வேலியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, லாடாவை ஓட்டி வந்து மஞ்சள் செர்ரியின் கிளைக்கு அடியில் நுழைத்து நிறுத்தினார்.

"காரை எதுக்கு இங்க நிறுத்துற? இந்த வருஷம் மொத்தமே ஏழெட்டுப் பழம்தான்."

"இருக்கட்டும், விழும்."

இரண்டு பேரும் படியில் உட்கார்ந்து செர்ரி தின்றார்கள். வெகுநேரம் கழித்து லாடாவின் கூரையில் ஒரு மஞ்சள் பழம் விழுந்து நசுங்கியது. எதெல்கா கார் துடைக்கும் துணியை எடுத்து நீட்டினாள்.

வெண்டெல் அதை வாங்கி வாயைத் துடைத்துக்கொண்டார்.