மூன்று ஊசிகளும் என் மணிக்கட்டும்

என் கணவன் ஓல்டாவைப் பற்றி யாராவது கேட்டால் முதலில் அவன் பிடிவாதத்தைத்தான் சொல்வேன். எங்கள் ஊர் ஹ்ரனித்ஸே ரயில் நிலையத்தில் முப்பத்தோரு வருடம் பெட்டி இணைத்தவன். ஒரு குளிர்காலத்தில் இரண்டு பெட்டிகளுக்கு நடுவே வலது ஆள்காட்டி விரல் நசுங்கியது. விரல் தப்பித்தது, பலம் போய்விட்டது. வேறொருவன் என்றால் அத்தோடு துப்பாக்கி சுடும் போட்டிகளை விட்டுவிட்டு மீன் பிடிக்கப் போயிருப்பான். இவன் தன் துப்பாக்கியில் விரலால் இழுக்கும் விசையை லேசாக்கினான்.

விசை லேசாக வேண்டுமென்றால் சுத்தியலைத் தள்ளும் ஸ்பிரிங்கைத் தளர்வானதாக மாற்ற வேண்டும். ஸ்பிரிங் தளர்ந்தால் சுத்தியலின் அடி குறையும். அந்த அடியை வாங்கித்தான் ஊசி போய், தோட்டாவின் பின்பக்கம் பதித்திருக்கும் பிரைமர் என்ற சின்ன வெடிமூடியைக் குத்துகிறது. குத்து போதாவிட்டால் தோட்டா வெடிக்காது, டிக் என்று ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான். போட்டியில் ஒரு டிக் என்றால் இரண்டு விநாடி போச்சு. இந்த ஜனவரியில் ஸ்பிரிங்கை மாற்றியதிலிருந்து நூற்றுக்கு ஒன்றிரண்டு டிக் வந்துகொண்டே இருந்தது. மூத்தோர் தேசிய அணியில் நான்கு பேருக்குத்தான் இடம். மே மாதப் போட்டிதான் கடைசித் தேர்வு. ஐம்பத்தொன்பது வயதில் இவன் நான்காவது இடத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்துவைத்திருந்தான்.

ஆகவே ஊசி வேட்டை ஆரம்பமானது. துப்பாக்கியோடு வந்த ஊசியைக் கழற்றிவிட்டு, வெளியே செய்து விற்கும் ஊசிகளை வரவழைத்தான். முதலில் வந்தது நீளமானது. எல்லாத் தோட்டாவும் வெடித்தது, ஆனால் பிரைமரில் ஓட்டை விழுந்து நெருப்பையும் புகையையும் பின்பக்கம் துப்பியது. இரண்டாவது டைட்டானியம். லேசாக இருப்பதால் பறக்குமாம். பறந்தது, குத்துவதற்குத்தான் அதனிடம் கனமில்லை. மூன்றாவது நல்ல எஃகு, முனை உருண்டை, நீளம் ஒரு மயிரிழைதான் கூடுதல். இதுதான் சரி என்று எனக்கே பட்டது. மூன்றும் மாதக்கணக்கில் சாப்பாட்டு மேசையில் உப்புக் குப்பிக்குப் பக்கத்தில் கிடந்தன. கடுகுச் சாந்தை எடுக்கப் போனால்கூட "அதைத் தொடாதே" என்பான்.

மூன்றாவது ஊசியிலும் எப்போதாவது டிக் வந்தது. வெடிக்காத தோட்டாவை மறுபடி போட்டுச் சுட்டால் வெடிக்கும். குத்து பத்தவில்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும் என்று கேட்பான். நானும் மண்டையை ஆட்டினேன்.

தோட்டா தயாரிப்பது நான். துவைக்கும் அறையில் அதற்கான கை எந்திரம் இருக்கிறது. பதினெட்டு வருடமாக அதன் கைப்பிடி என் கையில். என் பெண்டாட்டி மிலுஷ் போட்ட தோட்டா ஒன்றுகூட ஏமாற்றியதில்லை என்று கிளப்பில் எல்லோரிடமும் பீற்றிக்கொள்வான். எனக்கும் அதில் பெருமைதான், பொய் சொல்வானேன். அதே ஜனவரியில் நான் பனியில் வழுக்கி வலது கையை ஊன்றி விழுந்தேன். இரண்டு வாரத்தில் வலி போய்விட்டது என்று அவனிடம் சொன்னேன். போகவில்லை. சொன்னால் எந்திரத்தை என்னிடமிருந்து பிடுங்கிவிடுவான் என்ற பயம். அந்த வீட்டில் எனக்கென்று இருந்த ஒரே பெருமை அது.

போட்டியன்று மதியம்வரை எல்லாம் நன்றாகப் போனது. கடைசிக்கு முந்தைய சுற்றில் அந்தப் பாழாய்ப்போன டிக். ஓல்டா தோட்டாவைத் தட்டி வெளியே தள்ளிவிட்டு அடுத்ததைச் சுட்டான். முடிந்ததும் யார் முகத்தையும் பார்க்காமல் போய்விட்டான்.

இலக்கு அட்டைகளில் விழுந்த ஓட்டைகளை ஒட்டுவதும் காலித் தோட்டாக் கூடு பொறுக்குவதும் கூட வந்த என்னையும் சேர்த்துக் குழுவில் எல்லோருக்கும் உள்ள வேலை. மணலில் கிடந்த அந்தத் தோட்டாவையும் பொறுக்கினேன். பிறகு கடைசிச் சுற்றுக்கு எடுத்துவைக்கலாம் என்று பெட்டியைத் திறந்து, மேசைமேல் தோட்டாக்களை வரிசையாக நிறுத்தினேன். ஒன்று ஆடியது. காற்று என்று நினைத்தேன். இன்னொன்றும் ஆடியது. எடுத்து அடிப்பக்கத்தைக் கட்டைவிரலால் தடவினேன். பிரைமர் முழுசாக உள்ளே உட்காரவில்லை, துருத்திக்கொண்டு நின்றது.

துவைக்கும் அறை எந்திரம்தான் நினைவுக்கு வந்தது. கைப்பிடியைக் கடைசியில் அழுத்தி ஒரு தள்ளு தள்ளினால்தான் பிரைமர் அடிவரை போகும். அந்தத் தள்ளில்தான் என் மணிக்கட்டு உயிர் போகிறமாதிரி வலிக்கும். முதல் குத்து பிரைமரை உள்ளே தள்ளுவதிலேயே வீணாகிறது, இரண்டாவதில் வெடிக்கிறது. நாலு மாதமாக நாங்கள் ஊசியைத் திட்டிக்கொண்டிருக்கிறோம்!

ஓல்டா எங்கே என்று குழுவில் இருந்த ரடோவானிடம் கேட்டேன். நீள ஊசியை மாட்டப் போயிருக்கிறான், முகம் கருகினாலும் பரவாயில்லையாம் என்று சிரித்தான். கைநிறையத் தோட்டாவோடு ஓடினேன்.

ஓல்டா நின்ற பாதுகாப்பு மேசையைச் சுற்றிக் கட்டிய மஞ்சள் கயிற்றின் முன்னால் கால் நின்றுவிட்டது. அதிகாரி பக்கத்தில் இல்லாமல் துப்பாக்கியைத் தொட அந்த மேசையில் மட்டும்தான் அனுமதி. அங்கே தோட்டாவைத் தொட்டால் அந்த நொடியே போட்டியிலிருந்து வெளியேற்றிவிடுவார்கள். நான் நீட்டி, அவன் யோசிக்காமல் வாங்கிவிட்டால் எல்லாம் முடிந்தது. தோட்டாக்களைப் புல்லில் வைத்தேன். சத்தமில்லாமல் காட்டிவிடலாம் என்று வந்தவள், வாயைத் திறந்து சொல்ல வேண்டியதாயிற்று. பின்னாலேயே வந்த ரடோவானும், மேசையில் இன்னும் இரண்டு பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஓல்டா, அந்த ஊசியைப் போடாதே. தப்பு ஊசியில இல்ல, தோட்டாவுல."

"உன் தோட்டாவுலயா? சும்மா இரு மிலுஷ்."

"பிரைமர் துருத்திட்டு நிக்குது. கைப்பிடியை முழுசாத் தள்ள என்னால முடியல. கை ஜனவரியிலேருந்து வலிக்குது. உன்கிட்ட மறைச்சுட்டேன்."

அவன் திரும்பவில்லை. நீள ஊசியைப் பெட்டிக்குள் வைத்தான். உருண்டை முனை ஊசியை மறுபடி மாட்டினான். "நாலு மாசம்" என்று மட்டும் சொன்னான்.

அவன் முறைக்கு முன் இன்னும் ஐந்து பேர் இருந்தார்கள். ரடோவானும் நானும் பெட்டி இருந்த மேசைக்குத் திரும்பித் தோட்டாக்களை நிறுத்தி, ஆடியதையெல்லாம் ஒதுக்கினோம். கடைசிச் சுற்றுக்கு இருபத்தெட்டு வேண்டும். முப்பத்தொன்று ஆடாமல் நின்றன. ஓல்டா சுடும்போது ஒவ்வொரு வெடியையும் எண்ணினேன். இருபத்தெட்டும் வெடித்தன.

அவன் பட்டியலுக்காகக் காத்திருக்கவில்லை. "வண்டியில ஏறு" என்றான். நேராக ஆஸ்பத்திரிக்குப் போனோம். மணிக்கட்டில் ஒரு சின்ன எலும்பு ஜனவரியிலேயே உடைந்து இன்னும் கூடவில்லை, அறுவை சிகிச்சை தேவைப்படும் என்றார் டாக்டர்.

வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது அவன் போனில் முடிவு வந்தது. ஐந்தாவது இடம். நான்காவது ஆளுக்கும் இவனுக்கும் ஒரு விநாடிகூட வித்தியாசம் இல்லை. போனை என்னிடம் காட்டினான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அந்த டிக் என்னோடது" என்றேன்.

"ஆமா, உன்னோடதுதான்." ஆறுதலுக்குக்கூட இல்லையென்று சொல்லவில்லை. என் கட்டுப்போட்ட கையைப் பார்த்தான். பிறகு கேட்டான்: "இன்னும் என்னென்ன மறைச்சு வெச்சிருக்கே?"

வேறொன்றும் இல்லை என்றேன். அது உண்மைதான். அவன் நம்பினானா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.