வேலிக்கு மேல் வந்த கேசட்

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் டிராஃபிக் ஜாமில் கார் நின்றதும் பின்சீட்டில் சண்டை தொடங்கிவிட்டது.

"ஃப்ரீயா டவுன்லோட் பண்றது திருட்டுதான் லா!" என்றாள் மூத்த மகள்.

"பாட்டு கேக்குறதுக்குத்தானே!" என்றாள் இளையவள்.

எனக்குச் சிலிர்த்துவிட்டது. எண்பதுகளில், கிள்ளானில் எங்கள் அப்பாவும் பக்கத்து வீட்டு ராஜு அங்கிளும் வேலியோரம் நின்று போட்ட அதே சண்டை!

அப்பா சம்பளம் வந்ததும் பஸ் ஏறி, இதே பிரிக்ஃபீல்ட்ஸுக்கு வந்துதான் கேசட் வாங்குவார். மேலுறையைக் கிழித்ததும் எங்கள் மூக்கருகே நீட்டுவார். புது பிளாஸ்டிக்கும் அச்சு மையும் கலந்த அந்த வாசனை! அந்தக் கேசட்டுகளில் ஒன்றை ராஜு அங்கிள் இரவல் வாங்கி, இரண்டு கேசட் போடும் தன் டபுள் டெக்கில் காப்பி எடுத்துவிட்டார்.

"திருட்டு கேசட்டுய்யா அது!" என்று தெருவே கேட்கக் கத்தினார் அப்பா. அதோடு இரு வீட்டுக்கும் பேச்சு நின்றது.

அந்தத் தீபாவளிக்கு வீடு நிறைய விருந்தாளிகள். பாட்டு உச்சத்துக்குப் போகும் நேரம், எங்கள் ரேடியோ அதே கேசட்டைத் தின்றுவிட்டது! நாடா மீ கோரேங் நூடுல்ஸ் போலத் தொங்கியது.

பாட்டு பாதியில் நின்றது பக்கத்து வீட்டுக்கும் கேட்டிருக்கிறது. வேலிக்கு மேல் ராஜு அங்கிளின் கை அந்தக் காப்பி கேசட்டோடு நீண்டது.

"அண்ணே, உங்க பாட்டுதான். போடுங்க லா."

அப்பா வாங்கிப் போட்டார்.

கதையைச் சொல்லி முடித்ததும் மகள்கள் என் தோளை உலுக்கினார்கள். "அப்போ யாரு சொன்னது சரிம்மா?"

"தாத்தா அதுக்குப் பதிலே சொல்லல. ரெண்டு வீட்டுக்கும் கேக்குற மாதிரி சவுண்டைத்தான் கூட்டினாரு!"