விஷுக்கணியில் சித்தப்பாவின் நாணயங்கள்

எங்கள் வீட்டில் பளபளக்காத பொருளுக்கு மரியாதை கிடையாது. திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் அப்பாவுக்குப் பாத்திரக்கடை. கடைக்குப் பின்னால் வீடு. உருளியோ நிலவிளக்கோ செம்புப் பானையோ, எதை எடுத்தாலும் அதில் நம் முகம் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் புளியும் சாம்பலும் கொண்டுவந்து உட்கார்ந்துவிடுவார்கள். அழுக்குச் சட்டையோடு வரும் விருந்தாளியைக்கூட விட்டுவைப்பார்களா என்று எனக்கு அந்த வயதில் சந்தேகம் உண்டு.

அப்படிப்பட்ட வீட்டில் பிறந்து, கையால் தொடவே கூடாத உலோகத்தைச் சேர்க்கக் கிளம்பினார் என் சித்தப்பா. அப்பாவின் கடைசித் தம்பி. கல்யாணம் ஆகாதவர். கடையில்தான் வேலை. சம்பளம் என்று எதுவும் கிடையாது, கேட்டால் கிடைக்கும். ஆனால் கேட்க வேண்டும். அதுதான் அவருக்குத் தொண்டையில் சிக்கிய முள்.

வருடத்துக்கொரு முறை அவர் பெயருக்குத் தபாலில் ஒரு பெட்டி வரும். அந்த வருடம் அடித்த காசுகளை வரிசையாகப் பதித்து நாணயச்சாலையிலிருந்து அனுப்புவார்கள். அதில் இரண்டு விதம். ஒன்று, அடித்து விழுந்ததும் கடைக்கோ பஸ்ஸுக்கோ போகாமல் நேராக உறைக்குள் புகுந்துவிட்ட புழங்காத காசு. இன்னொன்றுக்கு ப்ரூஃப் என்று பெயர். பாலிஷ் போட்ட தனி அச்சில் ஒருமுறைக்கு இருமுறை அழுத்தி, கையுறை போட்டவர்கள் மட்டுமே எடுத்து, பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து மூடியது. பெட்டியைத் திறந்தாலே பாதி மதிப்பு போய்விடும் என்பார் சித்தப்பா. கைபட்டால் மீதியும் போய்விடும்.

இதையெல்லாம் அவர் அம்மாவிடம்தான் சொல்வார். வேறு யாரும் காது கொடுப்பதில்லை. அம்மா காய் நறுக்கிக்கொண்டே "அப்படியா தம்பி" என்பாள். பாதி காதில் விழும், பாதி குக்கர் விசிலில் போய்விடும். ஆனாலும் அந்த "அப்படியா"வை அலுக்காமல் சொல்வாள். சித்தப்பாவுக்கு அது போதும்.

அப்பாவோ, பெட்டி வரும்போதெல்லாம் கடையில் இருப்பவர்களைக் கூட்டிவைத்துச் சொல்வார்: "பத்து ரூவாக் காச ஆயிரம் ரூவா குடுத்து வாங்குத புத்திசாலி இவன் ஒருத்தன்தான்வே." அப்பா கைநீட்டி யாரையும் அடித்ததில்லை. வாய்தான். அம்மா எப்போதோ கைதவறி ஒரு வெண்கலக் கிண்ணத்தை உடைத்ததை, வரும் விருந்தாளியிடமெல்லாம் வருடக்கணக்காகச் சொல்லிக்காட்டிக்கொண்டிருந்தவர். கேட்பவர்கள் சிரிப்பார்கள். அம்மாவும் சேர்ந்து சிரிப்பாள்.

எனக்கு ஒன்பது வயதான வருடம், கொல்லத்திலிருந்து ஒருவர் சித்தப்பாவின் சேகரிப்பைப் பார்க்க வருவதாக ஏற்பாடாயிற்று. அவரும் நாணயம் சேர்ப்பவர், பெரிய கை. சித்தப்பாவிடம் இருந்த ஒரு ப்ரூஃப் பெட்டியில் வெள்ளி கலந்த நூறு ரூபாய் நாணயம் இருந்தது. அதன்மேல்தான் அவருக்குக் கண். அது கிடைத்தால் மற்ற வருடப் பெட்டிகளையும் சேர்த்து நல்ல விலைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். அந்தப் பணத்தை முன்பணமாகக் கொடுத்து, நாலு கடை தள்ளி ஒரு மாடி அறையை எடுத்து, சொந்தமாக நாணயக்கடை போட வேண்டும் என்பது சித்தப்பாவின் ஆசை. அறையைக்கூடப் பார்த்துவைத்துவிட்டார். என்னைக் கூட்டிக்கொண்டுபோய், மேசை இங்கே, கண்ணாடி அலமாரி அங்கே என்று வெறும் சுவரைக் காட்டினார். மனுஷர் அவ்வளவு பேசி நான் பார்த்ததே இல்லை.

அப்பா ஒரே பேச்சாக முடித்துவிட்டார். "அந்தாளு வாங்கினா நீ தனியாப் போ, நான் தடுக்கல்ல. வாங்கலைன்னா இந்தக் காசுப் பேச்சு இனி இந்த வீட்டுல எடுக்கப்பிடாது. கேட்டியா?"

"செரி அண்ணே" என்றார் சித்தப்பா.

மலையாளத்து வருடப்பிறப்பான விஷுவுக்கு மறுநாள் வருவதாகச் சொல்லியிருந்தார் கொல்லத்துக்காரர்.

விஷுவுக்கு முந்தின இரவு கணி வைப்பது அம்மாவின் பொறுப்பு. உருளியில் அரிசி பரப்பி, வெள்ளரிக்காய், மாம்பழம், கொன்னைப்பூ, கண்ணாடி, புதுத்துணி, கொஞ்சம் நாணயம் என்று அடுக்குவாள். எல்லாரும் தூங்கிய பிறகு அவள் ஒருத்தியாகச் செய்வது. விடிகாலையில் கண்ணை மூடிக்கொண்டே வந்து அதில்தான் முதலில் விழிக்க வேண்டும். அந்த முதல் பார்வையில் முகம் சுளித்தால் வருடம் முழுவதும் சுளித்த முகம்தான் என்று எங்களுக்கெல்லாம் சொல்லிவைத்திருந்தார்கள். எனக்கு ஒரு வருடம் அங்கே தும்மல் வந்து, அதை அடக்கிய பாடு எனக்குத்தான் தெரியும்.

அந்த வருடம் அப்பா முதலில் கணி கண்டுவிட்டுக் குளிக்கப் போயிருந்தார். சித்தப்பாவைக் கண்ணைப் பொத்திக் கூட்டிவரும் வேலை எனக்கு. அவர் குனிந்து குனிந்து நடக்க, நான் எம்பி எம்பிப் பொத்திக்கொண்டு வந்தேன். உருளிக்கு முன்னால் உட்காரவைத்துக் கையை எடுத்தேன்.

விளக்கு வெளிச்சத்தில் அரிசியின்மேல் வெள்ளி நூறு ரூபாய் நாணயம் கிடந்தது. அதைச் சுற்றி அதே பெட்டியின் மற்ற காசுகள். எல்லாம் பளபளவென்று மின்னின.

அம்மா பக்கத்தில் நின்று சந்தோஷமாகக் கிசுகிசுத்தாள். "பெட்டிக்குள்ள கருகருன்னு கறுத்துக் கெடந்துது தம்பி. வாற ஆளு கொறையாச் சொல்லிரப்பிடாதேன்னு புளி போட்டு நல்லாத் தேச்சிட்டேன். கணியில வச்சா நாளைக்கு நல்லபடியா நடக்கும்லா. கொள்ளாமா, நல்லாருக்கா?"

ப்ரூஃப் நாணயத்தில் எழுத்தும் உருவமும் இல்லாத வெற்றிடம் கண்ணாடி மாதிரி இருக்கும். இருட்டில் கண்ணாடி எதைக் காட்டும்? இருட்டைத்தான் காட்டும். சித்தப்பா பெட்டிகளை வைத்திருந்த அறையில் ஜன்னல் கிடையாது. வேறு யாராவது பார்த்திருந்தால் அப்படியே மூடி வைத்திருப்பார்கள். கறுத்த உலோகத்தைப் பார்த்துவிட்டுச் சும்மா போக எங்கள் வீட்டுக் கைக்குத் தெரியாது.

சித்தப்பா பார்த்துக்கொண்டே இருந்தார். என் தோளில் இருந்த அவர் கை இறுகி, எனக்கு வலித்தது. முகம் மட்டும் சுளிக்கவில்லை.

"கொள்ளாம் மைனி. நல்லா மின்னுது" என்றார்.

அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பரீட்சையில் முதலாவதாக வந்த பிள்ளை மாதிரி இருந்தாள். பாயசம் வைக்கப் போகும்போது பாட்டு வேறு.

வெயில் ஏறியதும் சித்தப்பா அந்த நாணயத்தை வாசலுக்குக் கொண்டுபோய்ச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். முடி முடியாகக் கீறல், வட்டவட்டமாக.

"போச்சா சித்தப்பா?"

"போச்சு மக்ளே. அம்மைட்ட சொல்லாத."

மறுநாள் கொல்லத்துக்காரர் வந்தார். வெள்ளை வேட்டி, பையில் பூதக்கண்ணாடி, கைக்குப் பருத்தி உறை. காசுக்குக் கையுறை போடும் மனுஷரை நான் அன்றுதான் கண்ணால் பார்த்தேன். சித்தப்பா எதிரே உட்கார்ந்திருந்தார். அப்பா கையைக் கட்டிக்கொண்டு சுவரோரமாக நின்றார். ஒவ்வொரு பெட்டியாகப் பார்த்துத் தலையாட்டி வைத்த கொல்லத்துக்காரர், கடைசியில் வெள்ளி நூறு இருந்த பெட்டியை எடுத்தார். பூதக்கண்ணாடியைக் கண்ணுக்குக் கொண்டுபோனவர் நாணயத்தைச் சாய்த்துப் பார்த்தார்.

"அய்யோ! இது ஆரா தேச்சது?"

அம்மா டீத் தட்டோடு கதவருகே வந்திருந்தாள். அந்தக் கேள்வியில் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தேய்த்தது சரியென்று ஒரு பகல் முழுவதும் மகிழ்ந்திருந்த முகம், என் கண்முன்னே வெளுத்துப்போனது. வாய் திறந்தது.

அதற்குள் சித்தப்பா சொல்லிவிட்டார். "ஞான்தன்னெ சேட்டா. கணிக்கு வைக்கான் வேண்டி."

நான்தான் தேய்த்தேன், கணிக்கு வைப்பதற்காக என்று, அம்மாவைத் திரும்பிக்கூடப் பார்க்காமல்.

கொல்லத்துக்காரர் சிரித்தார். கெட்ட மனுஷரில்லை, ஆனால் சிரிப்பை அவரால் அடக்க முடியவில்லை. இத்தனை வருடம் சேர்த்தவர், நேற்று ஆரம்பித்த பையன்கூடச் செய்யாததைச் செய்துவிட்டீர்களே என்று மலையாளத்தில் சொல்லிச் சொல்லி மாய்ந்தார். இந்த ஒன்றுக்காகத்தான் வந்தேன், மற்றதெல்லாம் எங்கேயும் கிடைக்கும் என்று கையுறையைக் கழற்றினார்.

அப்பா சுவரை விட்டு நகர்ந்து வந்தார். "பாத்தீரா? நான் அன்னைக்கே சொன்னேன். சொந்தக் காசைப் பாத்துக்கிடத் தெரியாது, இவன் கடை போடப் போறானாம் கடை!"

சித்தப்பாவும் சிரித்தார். அம்மா கிண்ணக் கதைக்குச் சிரிப்பாளே, அதே மாதிரி.

அம்மா இப்போது சொல்லுவாள், நான்தான் தேய்த்தேன் என்று சொல்லுவாள் என்று அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா டீயை ஒவ்வொருவருக்கும் கொடுத்தாள். சித்தப்பாவிடம் நீட்டும்போது, "சூடா இருக்கு தம்பி, பாத்துக் குடிங்க" என்றாள். அவ்வளவுதான். உள்ளே போய்விட்டாள்.

அந்த மாடி அறையில் அடுத்த மாதமே யாரோ ரெடிமேட் துணிக்கடை வைத்தார்கள். கடைப் பணத்தைக் கட்ட, சித்தப்பா அதைத் தாண்டித்தான் தினமும் வங்கிக்குப் போய்வருவார். காசுப் பேச்சு வீட்டில் நின்றது. பெட்டி வருவதும் நின்றது.

இரண்டு நாள் நான் அம்மாவிடம் பேசவில்லை. மூன்றாம் நாள் அடுப்படியில் போய்ச் சண்டைக்கு நின்றேன்.

"நீதானே தேச்சே? பொறவு ஏன் சொல்லல்ல? எல்லாரும் சித்தப்பாவப் பாத்துச் சிரிச்சா, நீ டீ குடுக்க!"

அம்மா மாவு பிசைந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை. "சொல்லியிருந்தா உன் சித்தப்பா பொய் சொன்னதா ஆயிருக்கும்லா மக்ளே."

"பொய்தானே சொன்னாங்க!"

அம்மா இன்னும் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பிசைந்தாள். கன்னத்தில் வழிந்ததைத் தோளில் துடைத்துக்கொண்டாள். அப்பாவுக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டவள், இப்போது என்னிடம் ஏதோ சாக்குச் சொல்கிறாள் என்றுதான் நினைத்தேன். அதற்குப் பிறகும் ரொம்ப நாள் அவளைக் கோழை என்றே மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். வளர்ந்த பிறகுதான் புரிந்தது: அன்று அந்தக் கதவருகே அவள் வாய் திறந்திருந்தால் அவளுக்கு மனபாரம் குறைந்திருக்கும். இன்னொரு கிண்ணக் கதை அவள்மேல் விழக் கூடாதென்று சித்தப்பா தன் மானத்தையே கொடுத்து அவளுக்கு வாங்கித் தந்தது வீணாய்ப் போயிருக்கும். கொடுத்தவருக்காக அதை வாங்கிக்கொண்டு, டீ ஆறாமல் கொடுத்துவிட்டு, அவள் எப்படி அடுப்படிவரை நடந்து போனாளோ, அதைக் கேட்க அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.