பவித்ரா எடுத்த வெள்ளைப் பூ

பெரியண்ணசாமிய நம்பிக் கூடியிருக்கிற எல்லாருக்கும் கும்பிடுங்க. எம்பேரு செல்வி. வளப்பூர் நாட்டுல மிளகும் மரவள்ளியும்தான் எங்க பொழப்பு. எம்பொண்ணு பவித்ராவுக்கு சாமி செஞ்சதைச் சொல்லோணும்னு வந்திருக்கேன்.

நான் ஒரு காது கேக்காத பையனைப் பாத்துப் பொறாமைப்பட்டவளுங்க.

சதீஷ் எங்க ஓரகத்தி கமலாக்கா மகன். அவனும் பவித்ராவும் நாலாவது, ஒரே வகுப்பு. அவனுக்காக வாரம் ஒருநாள் மலைக்குக் கீழ முள்ளுக்குறிச்சியிலிருந்து சிறப்பு டீச்சர் ஒருத்தங்க பஸ் ஏறி வருவாங்க. பலாமரத்தடியில உக்கார வெச்சு, படம் காட்டி, மணல்ல எழுத வெச்சு, அவன் சிரிக்கச் சிரிக்கச் சொல்லித் தருவாங்க. அந்நேரம் எம்பொண்ணு வகுப்புல பெஞ்சு மேல நிப்பா, படிக்க வரலைன்னு.

படிக்க வரலைன்னா புத்தி இல்லைன்னு அர்த்தமுங்களா? எந்தக் கொடியில மிளகு மொதல்ல பழுக்கும்னு அவங்கப்பாவுக்கு அவதான் சொல்லுவா. ஒருதரம் கேட்ட கதையை ஒரு வார்த்தை விடாமத் திருப்பிச் சொல்லுவா. புஸ்தகத்தைத் தொறந்தா மட்டும், "எழுத்து நிக்க மாட்டேங்குதும்மா"ன்னு அழுவா. இஸ்கூல்ல சோம்பேறின்னு சொல்லி அனுப்புனாங்க. நானும் அடிச்சேன்.

அப்பத்தான் சதீஷ் ரெண்டு வரி படிச்சுட்டான்னு கமலாக்கா ஊரெல்லாம் சொல்லிச் சந்தோசப்பட்டுச்சு. எனக்கு வயிறு பத்திக்கிட்டு எரிஞ்சுது. ஊரே அந்தப் புள்ளையப் பாவம்னு சொல்லுது, எனக்கு மட்டும் கமலாக்கா குடுத்து வெச்சவன்னு தோணுச்சு.

அந்த அக்காவே ஒருநாள், "ஏம்புள்ள செல்வி, பவித்ராவையும் அந்த டீச்சர்கிட்டக் காட்டு. படிப்புச் சிக்கலுக்கும் அவங்கதானாம்"னு சொல்லுச்சு. "எம்பொண்ணுக்கு ஒரு கொறையும் இல்லக்கா"ன்னு வெடுக்குன்னு சொல்லிட்டு வந்துட்டேன். நல்லதுக்குச் சொன்னதுகூட எனக்கு எகத்தாளமாப் பட்டுச்சு.

போன ஆடி மாசம். வெளியில மழை. அடுப்புகிட்ட உக்காந்திருந்த பவித்ரா கேட்டா, "அம்மா, எனக்கும் காது கேக்காமப் போச்சுன்னா அந்த மிஸ் எங்கிட்ட வருவாங்களா?"

ஐயோ சாமி! என் வயித்துல எரிஞ்சது எம்புள்ளை வயித்துலயும் எரிஞ்சுக்கிட்டு இருந்திருக்கு.

அந்த டீச்சர்கிட்டச் சேக்கலாம்னு ஊட்டுக்காரர்கிட்டச் சொன்னேன். "அங்க பேரு குடுத்தா கொறையுள்ள புள்ளைன்னு ஆயிரும். நாளைக்கு எவன் கட்டுவான்?"னு கத்தினார். ஊட்டுல ஓயாத சண்டை. நான் போய் சாமிகிட்ட அழுதேன். "பெரியண்ணா, அவனுக்குக் குடுத்ததை இவளுக்கும் குடு. அவனுக்குக் கொறைக்க வேண்டாம்." அந்தக் கடைசி வார்த்தை என் வாயில லேசுல வரலீங்க.

கடைசியில அவரே, "சாமிகிட்டப் பூக் கேப்போம். வெள்ளைப் பூ வந்தாச் சேக்கலாம், செவப்பு வந்தா இனிமே பேச்சே எடுக்கக்கூடாது"ன்னார். பூசாரி ரெண்டு பூவையும் தனித்தனியா இலையில மடிச்சு, குலுக்கி சாமி முன்னால போட்டார். "எடு கண்ணு"ன்னார். பவித்ரா குனிஞ்சா. ரெண்டையும் பாத்தா. ஒண்ணை எடுத்தா. பிரிச்சா மல்லிகை. வெள்ளை! எங்க ஊட்டுக்காரர் நெடுஞ்சாண்கிடையா விழுந்துட்டார்.

திரும்பி வரும்போது எங்காதுகிட்ட வந்து, "வாசம் வந்துச்சும்மா, அதான் எடுத்தேன்"ங்கிறா. அந்த மூக்கையும் அந்தப் புத்தியையும் அவளுக்குக் குடுத்தது யாருங்க? அதுதான் எனக்கு உத்தரவு. அதோ ஆம்பளைங்க பக்கம் எங்க ஊட்டுக்காரர் உக்காந்திருக்காரு, அவருக்கே இப்பத்தான் தெரியும்.

டீச்சர் பாத்தாங்க, டாக்டர்கிட்டயும் காட்டச் சொன்னாங்க, காட்டினோம். அப்புறம் டீச்சர், "புத்தியில ஒரு கொறையுமில்லம்மா. எழுத்து இவளுக்கு வேற வழியில ஏறும். இனிமே அடிக்காதீங்க"ன்னாங்க. இப்பப் பவித்ராவும் பலாமரத்தடியில உக்காருறா. பரீட்சையில கேள்வியைப் படிச்சுக் காட்டுறாங்க, வாயால பதில் சொல்றா. சதீஷோட நேரத்துல பாதி இவளுக்குப் போவுது, கமலாக்கா மொகம் சுளிக்கல. அந்த மனசு எனக்கில்லையேன்னு அதுக்கும் பொறாமையாத்தான் இருக்குங்க.

போன வாரம் சந்தை முடிச்சு பஸ்ஸுக்கு நின்னோம். பஸ் வந்துச்சு. ஏறப் போன என்னைப் பவித்ரா கையப் புடிச்சு நிறுத்திட்டா. பலகையப் பாத்து ஒவ்வொரு எழுத்தாக் கூட்டுறா. "ஏனுங்க, வாரீங்களா இல்லீங்களா?"ன்னு கண்டக்டர் விசில் ஊதிட்டார். பஸ் கெளம்பிருச்சு. பின்னாடிப் பலகையப் பாத்துக்கிட்டே நின்னு, அது வளைவுல திரும்பறதுக்குள்ள "வளப்பூர்"னு முழுசாச் சொல்லிட்டா. நடுரோட்டுல அவளைக் கட்டிப்புடிச்சு அழுதேன். அவளோ, "மொதல்ல மிஸ்கிட்டச் சொல்லோணும்மா"ங்கிறா. பெத்தவ நான் பக்கத்துல நிக்கிறேன்!

உங்க ஊட்டுலயும் இப்படி ஒரு புள்ளை இருந்தா, அடுத்தவங்க புள்ளையப் பாத்து வெந்துக்கிட்டே கெடக்காதீங்க. அந்த எரிச்சலையே கொண்டு போய் சாமி முன்னால கொட்டுங்க. அவன் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டான். கொட்டிட்டு, புள்ளையக் கையில புடிச்சுக்கிட்டு நேரா இஸ்கூலுக்கு நடங்க.